ஒருக்கா வந்தால் பிறகு வராதா? – புற்றுநோய்ச் சிகிச்சையும் திரும்பி வரும் வைரசுகளும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு இரவு, பத்து மணிக்குப் பிறகு, சங்கத்தின் நீண்டகால அங்கத்தவரான ஓர் அக்கா எங்களைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இவருக்கு மூன்றாவது கீமோ முடிஞ்சு பத்து நாள். மகள் வீட்டுச் சின்னவனுக்கு இண்டைக்கு உடம்பெல்லாம் கொப்பளம் போட்டிருக்கு. கொப்பளிப்பான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் இவற்றை மடியிலதான் கிடந்தவன். இவருக்குச் சின்ன வயசிலேயே வந்து போட்டுது. ஒருக்கா வந்தா பிறகு வராதுதானே?"

அவருடைய கணவருக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். பேரனுக்குப் பத்து மாதம். ஒன்ராறியோவில் கொப்பளிப்பான் தடுப்பூசியைப் பதினைந்தாம் மாதத்தில்தான் போடுவார்கள் என்பதால் பிள்ளைக்கு இன்னும் அந்தப் பாதுகாப்பு வந்திருக்கவில்லை. நாங்கள் வைத்தியர்கள் அல்லர். எனவே சொல்லக்கூடிய ஒன்றை மட்டும் சொன்னோம்: "அக்கா, திங்கள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீமோ கிளினிக்கில் தந்த இரவுத் தொலைபேசி இலக்கத்துக்கு இப்போதே எடுங்கோ." அவருக்குச் சற்றுக் கோபம்தான். வந்து போன வருத்தத்துக்கு ஏன் இந்த நேரத்தில் ஆட்களை எழுப்ப வேண்டும் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எங்கள் சமூகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவர் இல்லாத குடும்பமோ, அப்படி ஒருவரை அறியாத குடும்பமோ இன்று குறைவு. ஆகவே இம்முறை உடல்நலப் பகுதியை இந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஊர் நம்பிக்கையில் பிழையில்லை

கொப்பளிப்பானும் சின்னமுத்தும் ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை என்பதை எங்கள் பாட்டிமார் அனுபவத்திலேயே கண்டிருந்தார்கள். ஊரில் அம்மாள் வருத்தம் வந்த வீட்டுக்குப் பராமரிக்கப் போனவர்கள் ஏற்கெனவே அது வந்து தேறியவர்கள்தான். அது மூடநம்பிக்கை அல்ல, நல்ல அவதானிப்பு.

ஆனால் எல்லா வைரசுக்கும் இது பொருந்தாது. தடிமன் வருடாவருடம் வருகிறதே! கொவிட் வருவதற்கு முன்னரே மனிதரிடையே தடிமனை உண்டாக்கும் கொரோனா வைரசுகள் நான்கு இருந்தன. ஒன்று வந்து போய் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அதே வகை மீண்டும் வரக்கூடியது. இன்புளுவென்சா வைரசோ தன் தோற்றத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய காய்ச்சலின் ஞாபகம் புதிய வைரசுக்கு உதவாமல் போகிறது. அதனால்தான் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புதிய ஊசி.

ஆக, "ஒருக்கா வந்தால் பிறகு வராது" என்பது சில வைரசுகளுக்கு மட்டும் உண்மை. அங்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் முறை வந்தபோது உடம்பு படித்துக்கொண்ட பாடம் அழியாமல் இருக்க வேண்டும். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

ஞாபகம் எங்கே இருக்கிறது?

ஒரு வைரசை உடம்பு வென்ற பிறகு அதன் அடையாளத்தை வெள்ளை அணுக்களில் சில வகைகள் வைத்திருக்கின்றன. பி அணுக்கள் என்பவை, ஊரில் பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, அந்த அன்ரிபொடியை உண்டாக்குபவை. அவற்றிலிருந்து உருவாகும் பிளாஸ்மா அணுக்கள் எலும்பு மச்சைக்குள் குடியிருந்து, பல வருடங்களுக்கு, சில நோய்களுக்கு ஆயுள் முழுவதும், அன்ரிபொடியை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. ரி அணுக்கள் என்பவை வைரசு புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கின்றன.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. புற்று அணுவும் அப்படிப்பட்டது, தலைமயிரின் வேரும் அப்படிப்பட்டது, எலும்பு மச்சையும் அப்படிப்பட்டது. மருந்து ஏற்றிய பின் ஏறக்குறைய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கி, அடுத்த சுற்றுக்கு முன் மெல்ல ஏறிவிடும். "இவருக்கு வெள்ளை அணு கூடிவிட்டது, இனிப் பயமில்லை" என்று குடும்பத்தினர் ஆறுதல் அடைவது இதை வைத்துத்தான்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். நியூட்ரோபில்கள் முக்கியமாகப் பக்டீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் எதிரான காவல். வைரசுக்கு எதிரான காவல் மேலே சொன்ன பி அணுக்களும் ரி அணுக்களும். அவை திரும்பி வருவதற்குப் பல மாதங்கள் எடுக்கலாம். இரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோபில் எண் நன்றாக இருக்கும்போதே ஒருவருடைய வைரசுக் காவல் பலவீனமாக இருக்க முடியும். இன்றைய கணக்கில் எந்த எண் எதைக் காட்டுகிறது என்று தாதியிடம் கேட்டால் அவர்கள் விளக்கிச் சொல்வார்கள். கேட்பதற்கு நாம்தான் கூச்சப்படுகிறோம்.

எல்லாப் புற்றுநோயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மார்பு, குடல், புரஸ்ரேற் போன்ற இடங்களில் வரும் கட்டிகளில் நோய் ஓரிடத்தில் இருக்க, பழைய ஞாபகம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மார்புப் புற்றுநோய்க்கு வருடக்கணக்கில் எடுக்கும் ரமொக்சிபென் போன்ற ஹோர்மோன் குளிசைகள் கீமோவைப் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவையல்ல. ஆகவே அவற்றை எடுப்பவர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

இரத்தப் புற்றுநோய்களின் கதை வேறு. லிம்போமா, மயலோமா, நாட்பட்ட லியூக்கேமியா ஆகியவற்றில் நோய் பிடித்திருப்பதே காவற்காரரைத்தான். சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம். அதற்கு மேல், 1997 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிற்றுக்சிமாப் என்ற மருந்து பி அணுக்களைத் தேடித் துடைத்துவிடுகிறது. அந்த மருந்து எத்தனையோ லிம்போமா நோயாளிகளின் உயிரைக் காத்தது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் மருந்தை நிறுத்தி ஆறு மாதம், ஒரு வருடம் வரைக்கும் புதிய பி அணுக்கள் சரியாக வருவதில்லை. பிளாஸ்மா அணுக்களில் இந்த மருந்து குறிவைக்கும் அடையாளம் இல்லாததால் அவை தப்புகின்றன. எனவே சிறுவயதில் வந்த கொப்பளிப்பானின் அன்ரிபொடி இரத்தத்தில் தொடர்ந்து இருக்கக்கூடும். ஆனால் இன்று புதிதாக ஒரு வைரசு வந்தாலோ, இன்று ஒரு தடுப்பூசி போட்டாலோ, புதிய பாடம் படிக்க ஆளில்லை.

ஸ்ரெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்குப் பழைய ஞாபகமும் பெரும்பாலும் அழிந்து போகிறது. அவர் அறுபது வயதானாலும் தடுப்பூசி விடயத்தில் கைக்குழந்தைதான். போலியோ, ஏற்புவலி ஊசிகளை மீண்டும் முதலிலிருந்து சில மாதங்களின் பின் தொடங்கி, சின்னமுத்து ஊசியைப் பொதுவாக இரண்டு வருடங்கள் கழித்து, வைத்தியர் அனுமதித்தால் மட்டும் போடுவார்கள்.

இரண்டு பெண்கள், இரண்டு பாடங்கள்

கொவிட் காலத்தில் வைத்தியச் சஞ்சிகைகளில் பதிவான இரு நோயாளிகளைப் பற்றி இங்கே சொல்வது பொருத்தமானது.

முதலாமவர் நெதர்லாந்தைச் சேர்ந்த 89 வயதுப் பெண். அவருக்கு வால்டன்ஸ்ரோம் எனப்படும் அரிதான இரத்தப் புற்றுநோய் இருந்தது. 2020 இல் காய்ச்சலும் கடும் இருமலுமாக வைத்தியசாலைக்குச் சென்று, கொவிட் என்று உறுதியாகி, ஐந்து நாட்களில் வீடு திரும்பினார். களைப்பைத் தவிர மற்ற எல்லாம் சுகமாகிவிட்டது. முதல் நோய் தொடங்கி 59 ஆம் நாள், புதிய கீமோ தொடங்கி இரண்டே நாளில், மீண்டும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். பரிசோதனையில் மீண்டும் கொவிட். நான்காம் நாளும் ஆறாம் நாளும் இரத்தத்தைப் பார்த்தார்கள். அன்ரிபொடி இல்லை. எட்டாம் நாள் நிலைமை மோசமாகி, இரண்டு வாரங்களில் அவர் காலமானார். இருமுறையும் எடுத்த வைரசின் மரபணுவை ஒப்பிட்டபோது இரண்டும் வெவ்வேறாக இருந்தன. அதாவது பழையது மிச்சமிருந்து கிளம்பவில்லை, புதிதாக ஒன்று தொற்றியிருந்தது. கொவிட் மறுதொற்றின் பின் ஏற்பட்டதாக முதன்முதலில் பதிவான மரணம் இதுவே.

இரண்டாமவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த 71 வயதுப் பெண். நாட்பட்ட லியூக்கேமியா நோயாளியான அவருடைய இரத்தத்தில் அன்ரிபொடிப் புரதம் ஏற்கெனவே குறைவாக இருந்தது. இவருக்குக் கொவிட் அறிகுறி எதுவுமே தெரியவில்லை. ஆனால் முதல் பரிசோதனையிலிருந்து 70 நாட்கள் வரை அவரிடமிருந்து தொற்றக்கூடிய உயிர் வைரசு வெளிவந்துகொண்டிருந்தது. வைரசின் மரபணுத் துணுக்குகள் 105 நாட்கள் வரை காணப்பட்டன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரு மாதம் கழித்தும் "பொசிற்றிவ்". ஆனால் முதலாவது மறுதொற்று, இரண்டாவது தீராத தொற்று. முதலாவதில் குடும்பம் படிக்க வேண்டியது, "அவருக்குத்தான் வந்து சுகமாகிவிட்டதே" என்று காவலைத் தளர்த்தக்கூடாது என்பது. இரண்டாவதில், "ஆள் சுகமாகத்தானே இருக்கிறார்" என்பதை வைத்து வைரசு போய்விட்டது என்று எண்ணக்கூடாது என்பது.

வாசகர்கள் பயந்துவிடக்கூடாது. இவை இரண்டும் தடுப்பூசி வருவதற்கு முன் நடந்தவை. இன்று கொவிட் வரும் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். இரத்தப் புற்றுநோயுள்ளோருக்குத் தடுப்பூசியின் பலன் குறைவுதான் என்றாலும் அன்ரிபொடி உருவாகாதவர்களிலும் ரி அணுக்கள் ஓரளவு விழித்தெழுகின்றன. ஆகவேதான் அவர்களுக்கு மேலதிக ஊசிகளைச் சிபாரிசு செய்கிறார்கள். பக்ஸ்லோவிட் என்ற குளிசை இருக்கிறது. அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அது வெனெற்றோகிளக்ஸ், இப்ரூட்டினிப் போன்ற புற்றுநோய்க் குளிசைகளுடன் மோதும். மருந்தாளரிடம் முழு மருந்துப் பட்டியலையும் காட்டாமல் அதை விழுங்கக்கூடாது. அந்தக் குளிசை ஒத்துவராதவருக்கு மூன்று நாட்கள் நரம்பில் ஏற்றும் மருந்து உண்டு. இவை எல்லாவற்றுக்கும் தேவை, தொண்டை கரகரத்த முதல் நாளே பரிசோதித்துப் பார்ப்பது. "இரண்டு நாள் கொத்தமல்லி குடித்துப் பார்ப்போம்" என்று இருந்தால் அந்த ஐந்து நாளில் இரண்டு போய்விடுகிறது.

உள்ளே உறங்குபவை

திரும்பி வரும் வைரசு எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. கொப்பளிப்பான் வந்து காய்ந்த பின்னும் அதன் வைரசு உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து ஐம்பது, அறுபது வருடங்கள் உறங்கும். ரி அணுக்களின் காவல் தளரும்போது ஒரு நரம்பின் வழியாக இறங்கித் தோலில் கொப்பளங்களாக வெளிப்படும். இங்கே ஷிங்கிள்ஸ் என்கிறார்கள். தமிழில் அக்கி. பேரனிடமிருந்து தாத்தாவுக்கு அக்கி தொற்றுவதில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு. ஆனால் தாத்தாவின் அக்கிக் கொப்பளத்து நீரிலிருந்து கொப்பளிப்பான் வராத பிள்ளைக்குக் கொப்பளிப்பான் தொற்றலாம்.

கொப்பளம் போடுவதற்குச் சில நாட்கள் முன்னரே உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிவு, குத்து, தோல் தொட்டால் நோவு. நம்மவர்கள் இதை வாய்வு என்றோ சுளுக்கு என்றோ நினைத்துத் தைலம் பூசிக்கொண்டிருப்பார்கள். கொப்பளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரசு மருந்து தொடங்கினால் நல்ல பலன். சிகிச்சையில் இருப்பவர் அந்த நேரம் தாண்டிவிட்டாலும் போகத்தான் வேண்டும். கண்ணுக்கு அருகிலோ நெற்றியிலோ வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை.

ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2017 இல் கனடாவில் அனுமதி பெற்றது. அதில் உயிருள்ள வைரசு இல்லை என்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் போடலாம். முடிந்தால் கீமோ தொடங்கும் முன்னரே போடுவது சிறந்தது. புற்றுநோய் என்று கேட்ட அதிர்ச்சியில் ஊசியைப் பற்றி யார் நினைப்பார்? கூட வருபவர்தான் நினைக்க வேண்டும்.

உறங்கும் இன்னொன்று பி வகை ஈரல் அழற்சி, அதாவது ஹெப்பரைற்றிஸ் பி. இதைப் பற்றி எங்கள் ஆட்கள் வெளியே பேசுவதில்லை. பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரும்போது குறையாகிவிடுமோ என்று இரத்தப் பரிசோதனை முடிவையே மறைத்த குடும்பங்களை நாங்கள் அறிவோம். இந்த வைரசு இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றுவது. ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் தொற்றுவதல்ல. இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003 இல்தான் சேர்க்கப்பட்டது. நம் வயதினர் எவருக்கும் பிள்ளைப் பருவத்தில் அந்த ஊசி கிடைக்கவில்லை. இளம் வயதில் செங்கமாரி வந்து தேறியவர்களில் சிலருக்கு அது பி வகையாக இருந்திருக்கலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே வந்து போயிருக்கலாம். இரண்டிலும் வைரசின் மரபணு ஈரல் அணுக்களுக்குள் தங்கிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒருவருக்கு ரிற்றுக்சிமாப் போன்ற மருந்தை ஏற்றும்போது, இருபது முப்பது வருடம் உறங்கிய வைரசு எழுந்து ஈரலையே செயலிழக்கச் செய்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 இல் இதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்தின் உறையிலேயே போட வைத்தது. 2020 முதல் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கத்தின் ஆலோசனை, உடம்பு முழுவதும் செல்லும் புற்றுநோய் மருந்தைத் தொடங்கும் எல்லோருக்கும் ஹெப்பரைற்றிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதாகும். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். வைரசு உறங்குகிறது என்று தெரிந்தால் நாளுக்கு ஒரு குளிசை. கீமோ முடிந்த பிறகும் அதைக் குறைந்தது ஒரு வருடம், சில மருந்துகளின் பின் அதற்கும் மேலாக, எடுக்க வேண்டும். "கீமோதான் முடிந்துவிட்டதே" என்று அந்தக் குளிசையைத் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. இந்த ஒரு விடயத்தில் வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டு, "எனக்கு முன்பு செங்கமாரி வந்தது" என்று வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் கேட்ட கேள்வி

அக்கா அன்றிரவே அழைத்தார். கிளினிக்கில் பேசிய தாதி ஐயாவைப் பற்றி விசாரித்துவிட்டு, மறுநாள் காலை இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னாராம். பொதுக் காத்திருப்பு அறையில் இருக்காமல் வேறு வாசலால் வரச் சொன்னாராம். பிறகு அவர் கேட்ட கேள்விதான் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது: "உங்களுக்குக் கொப்பளிப்பான் வந்ததா?"

அக்காவுக்கு வந்ததில்லை. இது ஆச்சரியமல்ல. குளிர்நாடுகளில் தடுப்பூசி வரும் முன் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுவயதிலேயே வந்த நோய் இது. நமது ஊர்கள் போன்ற வெப்ப இடங்களில் பலருக்கு வளர்ந்த பிறகே வருகிறது, வராமலே புலம்பெயர்ந்தவர்களும் உண்டு. இங்குள்ள குடும்ப வைத்தியர்கள் சிலர் "உங்கள் வயதில் எல்லோருக்கும் வந்திருக்கும்" என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது.

பரிசோதனையில் ஐயாவிடம் போதிய அன்ரிபொடி இருந்தது. பழைய பிளாஸ்மா அணுக்கள் கைவிடவில்லை. அது இல்லாதிருந்தால், மற்றவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அன்ரிபொடி ஊசியை, முடிந்தால் 96 மணி நேரத்துக்குள், பிந்தினால் பத்து நாட்களுக்குள் போட வேண்டியிருந்திருக்கும். ஞாயிறு இரவுக்கும் திங்கள் காலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு இதுதான் பதில்.

அக்காவிடமோ அன்ரிபொடி இல்லை. வெள்ளிக்கிழமை அவரும் பேரனைத் தூக்கியவர்தான். தொற்றியிருந்தால் பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அவருக்குக் கொப்பளம் போடும். கொப்பளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர் அதைப் பரப்பத் தொடங்குவார். ஐயாவின் அன்ரிபொடி அளவு அடுத்தடுத்த கீமோவில் எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே அக்காவுக்கு உடனடியாகத் தடுப்பூசி போட்டு, எட்டாம் நாளிலிருந்து இருபத்தொராம் நாள் வரை ஐயாவை விட்டு விலகியிருக்கச் சொன்னார்கள். நாற்பத்தொரு வருடத் திருமணத்தில் தாம் பிரிந்திருந்தது ஊரில் ஒருமுறை இடம்பெயர்ந்தபோது மட்டும்தான் என்றார் அக்கா. தங்கை வீட்டில் தங்கினார். மகன் வந்து ஐயாவுடன் இருந்தார். அக்கா சமைத்த சோற்றுப் பெட்டி தினமும் வாசற்படியில் வைக்கப்பட்டது.

வேலி யார்?

தன்னால் அன்ரிபொடி உண்டாக்க முடியாத ஒருவருக்கு, சுற்றியிருப்பவர்களின் அன்ரிபொடிதான் வேலி. சின்னமுத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவில் 1998 இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நோய் இது. 2024 ஒக்ரோபரில் தொடங்கிய பரவலில் 2025 இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஒன்ராறியோவிலும் அல்பேர்ட்டாவிலும் கூடுதல். 2025 நவம்பரில் அந்த "ஒழித்த நாடு" என்ற தகுதியைக் கனடா இழந்தது. சின்னமுத்து வைரசு, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடியது. அதற்கான ஊசியில் உயிருள்ள, வலுக்குறைத்த வைரசு இருப்பதால் கீமோ பெறுபவருக்குப் போட முடியாது. கூட வாழும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் போடலாம், போடவும் வேண்டும். கொப்பளிப்பான் ஊசியும் அவ்வாறே. ஊசி போட்ட பின் தோலில் கொப்பளம் போட்டால் மட்டும் அவை ஆறும் வரை நோயாளியிடமிருந்து விலகியிருக்க வேண்டும்.

இன்னொன்றைச் சற்று மனத்தாங்கலுடன் எழுதுகிறோம். வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் குறை நினைப்பார்களே என்று, மூக்கைச் சிந்திக்கொண்டே பழப்பையுடன் கீமோ எடுப்பவர் வீட்டுக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. போன இடத்தில் கட்டிப்பிடித்து அழுகையும் நடக்கும். வீட்டுக்காரரால் வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. எனவே போகிறவர்தான் யோசிக்க வேண்டும். தடிமன் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். அரங்கேற்றத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அவர்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காதிருப்பதும் உதவிதான். எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று வேப்பிலைச் சாறும் மஞ்சள் குளிசையும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன், அவை ஈரலுக்கும் மருந்துக்கும் ஒத்துவருமா என்று மருந்தாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை.

சிகிச்சைக்கு இடையில் ஊருக்குப் போய் வர விரும்புவோர் டெங்கு பற்றியும் அறிந்திருக்க வேண்டும். இது நமது பழைய நம்பிக்கைக்கு நேர்மாறான நோய். நான்கு வகை வைரசு உண்டு. ஒரு வகை வந்தவருக்கு வேறொரு வகை வரும்போது இரண்டாவதுதான் கடுமையாகக்கூடும். டெங்கு இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும், கீமோவும் குறைக்கும். பயணச்சீட்டு எடுக்கும் முன் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீமோ எடுப்பவருக்கு உடல்வெப்பம் ஒருமுறை 38.3 பாகை காட்டினாலோ, 38.0 பாகையாக ஒரு மணி நேரம் நின்றாலோ, நள்ளிரவானாலும் கிளினிக்கின் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், அல்லது அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெப்பத்தை அளந்து பார்க்காமல் ரைலனோல் போடக்கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும். வைரசா பக்டீரியாவா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. கீமோ கிளினிக்கில் தந்த காய்ச்சல் அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். கிளினிக் இலக்கம் கையில் இல்லாதபோது ஒன்ராறியோவில் 811 க்கு அழைத்தால் தாதி ஒருவருடன் பேசலாம், தமிழில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

அக்காவுக்குக் கொப்பளம் போடவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை அவர் வீடு திரும்பினார். ஐயாவின் ஆறாவது கீமோ சித்திரையில் முடிந்தது. கொப்பளிப்பானுக்கான தன் இரண்டாவது ஊசியையும் போட்டுவிட்ட அக்கா, சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக, "உமக்குச் சின்னனில கொப்பளிப்பான் வந்ததோ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இல்லை என்றார்கள்.